தனியாள், இளம் நாய்கள், பொது நிலம்: தெற்கு டகோட்டா ஃபெசன்ட் வேட்டை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபெசன்ட், மயிலும் காட்டுக்கோழியும் சேர்ந்த குடும்பத்துப் பறவை. சொந்த ஊர் ஆசியா. 1880களின் தொடக்கத்தில் ஷாங்காயில் அமெரிக்கத் தூதராக இருந்த ஓவன் டென்னி சீனப் பறவைகளை ஓரிகனுக்குக் கப்பலேற்றினார். தெற்கு டகோட்டாவின் ஸ்பிங்க் கவுன்டியில் 1908–09 வாக்கில் விட்ட பறவைகள் பெருகி, 1919ல் அங்கே முதல் வேட்டைக்கு அனுமதி கிடைத்தது. 1943ல் அதுவே மாநிலப் பறவையும் ஆனது. இந்தியாவில் இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவுக்கு, அதிலும் தெற்கு டகோட்டாவுக்குப் பொருந்துவது.

சீசன் எப்போது? எந்த வாரம் போவது நல்லது?

அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 31 வரை. அமெரிக்க மத்திய நேரப்படி (சென்ட்ரல் டைம்) காலை 10 மணிக்கு முன் சுடக்கூடாது. சூரியன் மறைந்தால் நிறுத்திவிட வேண்டும். நாளொன்றுக்கு ஒருவருக்கு 3 சேவல். பெட்டையைச் சுடவே கூடாது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், கிளம்புமுன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இளம் நாயோடு தொடக்க வார இறுதிக்குப் போகாதீர்கள். கூட்டம், நாலாபக்கமும் வெடிச்சத்தம், பல ஆண்டுகளில் வெயில் வேறு. நவம்பர் முதல் மூன்று வாரங்கள்தான் ஏற்ற காலம். மக்காச்சோளம் பெரும்பாலும் அறுத்து முடிந்திருக்கும், பறவைகள் புல்லுக்கும் கோரைக்கும் வந்திருக்கும், நாய்க்கும் மூச்சு வாங்காது. அதிலும் செவ்வாய், புதன் என்றால் நிலம் காலியாகவே கிடக்கும்.

பொது நிலம் என்றால் எவையெல்லாம்?

மூன்று வகையை அறிந்தால் போதும். மாநில வனவிலங்குத் துறைக்குச் சொந்தமான ‘கேம் புரொடக்‌ஷன் ஏரியா’. மத்திய அரசின் ‘வாட்டர்ஃபவுல் புரொடக்‌ஷன் ஏரியா’. வாத்துகளுக்காக வாங்கிய சதுப்பும் சுற்றுப்புல்லும். மூன்றாவது ‘வாக்-இன் ஏரியா’. தனியார் நிலம்தான், மாநிலம் விவசாயிக்குப் பணம் கொடுத்து வேட்டைக்காகத் திறந்துவைப்பது. தனியாக அனுமதி கேட்க வேண்டாம், ஆனால் நடந்துதான் போக வேண்டும்.

நிலம் மைலுக்கு மைல் சதுரமாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு சதுரம் 640 ஏக்கர், அதில் கால் பங்கு 160 ஏக்கர். எல்லைப் பலகையை மட்டும் நம்பாதீர்கள்; பலகை விழுந்திருந்தாலும் எல்லை எல்லைதான். மாநில வரைபடத்தைச் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும்படி போனில் முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். வண்டியை வயலுக்குள் இறங்கும் வாய்க்கால் பாலத்தில் மறித்து நிறுத்தினால், அறுவடை இயந்திரத்தோடு வரும் விவசாயியின் வாயில் விழ வேண்டியிருக்கும். அடுத்த ஆண்டு அந்த நிலம் திட்டத்தில் தொடராமல் போவதற்கு இப்படியான சின்ன எரிச்சலே போதும்.

லைசென்ஸ்? எச்-1பி விசாவில் இருப்பவர் போகலாமா?

வெளிமாநிலத்தாருக்கான ‘ஸ்மால் கேம்’ (சிறு விலங்கு, பறவை வேட்டை) லைசென்ஸ், ஐந்தைந்து நாளாக இரண்டு தவணைக்குச் செல்லும். தொடக்கத் தேதிகளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அதனுடன் வாழ்விட முத்திரைக் கட்டணமும் உண்டு. தொடக்க சனிக்கிழமைக்கு முன்னால் வரும் 3 நாள் சீசன் உள்ளூர்வாசிகளுக்கு மட்டும்.

எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. லைசென்ஸ் காலாவதியான மறுநாள் துப்பாக்கி அலமாரியில் இருந்தாலும் சிக்கல்தான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. விசாவை நம்பி வாழ்க்கை நடக்கிறது என்றால், துப்பாக்கி வாங்குமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என் நாய் தயாரா என்று எப்படித் தெரியும்?

நான்கு கேள்விகள். ஓடும்போது கூப்பிட்டால் திரும்புகிறதா? ‘நில்’ என்றால் நிற்கிறதா? உயிருள்ள பறவையை முகர்ந்து, துரத்திப் பழகியிருக்கிறதா? வெடிச்சத்தம் அதற்கு நல்ல செய்தியாகப் படுகிறதா?

கடைசிக் கேள்விக்கு ‘தெரியவில்லை’ என்பது பதிலானால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வெடிக்கு அஞ்சும் நாயைத் திருத்துவது மாதக்கணக்கான வேலை, சில நாய்களில் முடியாத வேலை. பழக்கும் முறை இது: நாய் புறாவையோ காடையையோ உற்சாகமாகத் துரத்திக்கொண்டிருக்கும் கணத்தில், 70–80 மீட்டர் தள்ளி ஒருவர் வெற்றுத் தோட்டா வெடிக்க வேண்டும். நாய் கண்டுகொள்ளவில்லை என்றால் அடுத்த முறை பத்து மீட்டர் நெருங்கலாம். காது மடிந்து, வால் தாழ்ந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தம். அருகே வந்தபின் 20 போர் (குழல் அளவு) துப்பாக்கி, அதன்பின் அதைவிடப் பெரிய 12. பறவை இல்லாமல் சும்மா வெடித்துக் காட்டுவதும், துப்பாக்கி சுடும் களத்துக்குக் கூட்டிப்போய் ‘பழகிக்கொள்ளும்’ என்று கட்டிப்போடுவதும் நாயைக் கெடுக்கும் நேர்வழிகள்.

வயது என்று பார்த்தால், எட்டு மாதத்துக்குக் குறைந்த குட்டியை நாள் முழுக்க ஓட்டக்கூடாது. எலும்பும் மூட்டும் முற்றியிருக்காது.

இரண்டு இளம் நாய்கள் இருக்கின்றன. ஒன்றாக விடலாமா?

வேண்டாம். ஒன்று கூண்டில், ஒன்று களத்தில். இரண்டையும் சேர்த்துவிட்டால் வாசனையைத் தேடாமல் ஒன்றையொன்று முந்தத்தான் பார்க்கும். ஒன்று பாயின்ட் (பறவை வாசனை பிடித்ததும் அசையாமல் அதன் திசையைக் காட்டுவது) நிற்கும்போது மற்றது பாய்ந்து பறவையைக் கிளப்பிவிடும். பிறகு முதல் நாயும் ‘நின்றால் நஷ்டம்’ என்று கற்றுக்கொள்ளும். இதைத் தனியாளால் திருத்தவே முடியாது, ஏனென்றால் உங்களுக்கு இருப்பது இரண்டு கை, அதில் ஒன்றில் துப்பாக்கி.

45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஒரு முறை, பிறகு மாற்று. கூண்டில் இருக்கும் நாய் முதலில் கத்தித் தீர்க்கும். இரண்டாம் நாள் தூங்கும்.

160 ஏக்கர் புல்வெளி முன்னால் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

அங்கே தொடங்காதீர்கள். பத்துப் பேர் வரிசையாக நடந்து, எதிர்முனையில் நாலு பேர் மறித்து நிற்கும் நிலம் அது. தனியாள் நடுவில் நடந்தால், பறவைகள் இருபுறமும் ஒதுங்கி உங்களுக்குப் பின்னால் போய்விடும். ஃபெசன்ட் பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். சேவலுக்கு ஓட இடம் இருக்கும்வரை அது இறக்கையை நம்பாது.

அதனால் ஓட்டம் முடியும் இடத்தைத் தேடுங்கள். உழுத வயலில் முட்டி நிற்கும் குறுகிய புல் நாக்கு, குளத்தைச் சுற்றிய பத்து மீட்டர் அகலக் கோரை வளையம், மரவேலியின் கடைசி ஐம்பது மீட்டர், இரண்டு வேலிகள் சேரும் மூலை. இருபது ஏக்கர் சதுப்பு ஒன்று கிடைத்தால் இளம் நாய்க்கு அதுவே நாள் முழுக்கப் பாடம். பெரிய நிலத்தில்தான் இறங்க வேண்டும் என்றால், ஒரு வேலி ஓரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நேர்கோட்டில் போகாமல் வளைந்து வளைந்து நடங்கள். ஐம்பது அடிக்கு ஒரு முறை சட்டென்று நில்லுங்கள். உங்கள் காலடி ஓசை நின்றதும் பதுங்கியிருக்கும் சேவலுக்குப் பொறுமை போய்விடும்.

காற்று முகத்தில் அடிக்கும்படி நடங்கள். அனுபவமுள்ள நாய் பக்கக்காற்றிலும் சமாளிக்கும். இளம் நாய்க்கு எதிர்க்காற்றுதான் பறவையை முன்கூட்டியே சொல்லும். காற்று பின்னாலிருந்து வந்தால் வாசனை எட்டுமுன் நாய் பறவை மேலேயே போய் விழும். அது நாயின் தவறு இல்லை, நீங்கள் வண்டியை நிறுத்திய இடம் தவறு.

இன்னொன்று, சத்தம். கார்க் கதவை அறைந்து சாத்துவது, விசில், நாயின் பெயரைச் சொல்லிக் கத்துவது எல்லாம் சேவலுக்குக் கிளம்பும் மணி. இறங்கும் இடத்திலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி நிறுத்தி, கதவை அழுத்தி மூடுங்கள்.

நாளின் எந்த நேரம்?

காலையில் பறவைகள் அறுத்த வயலில் மேயும், நடுப்பகலில் புல்லில் ஓய்வெடுக்கும், கடைசி ஒரு மணி நேரத்தில் அடைவதற்குக் கோரைக்கும் உயரமான புல்லுக்கும் திரும்பும். அந்தக் கடைசி மணி நேரத்துக்காக ஒரு நாயைக் களைப்பில்லாமல் வைத்திருங்கள்.

நாய் பாயின்ட் நின்றுவிட்டது. இப்போது என்ன செய்ய?

நாயின் பின்னாலேயே நடந்து போகாதீர்கள். பின்னாலிருந்து அழுத்தம் வந்தால் இளம் நாய் ஓரடி நகரும், பறவை மூன்றடி நகரும், கடைசியில் நகர்வதே பழக்கமாகிவிடும். பக்கவாட்டில் அகன்று வளைந்து, நாய் மூக்கு காட்டும் திசையில் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் போய், அங்கிருந்து நாயை நோக்கி வேகமாக வாருங்கள். பறவை இரண்டுக்கும் நடுவில் மாட்டும். தயங்கித் தயங்கி நடந்தால் சேவல் அந்த இடைவெளியில் நழுவிவிடும்.

லாப்ரடார், ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் போன்ற கிளப்பும் நாய் என்றால் சங்கதி வேறு. அது எப்போதும் உங்களிடமிருந்து 20–25 மீட்டருக்குள் இருக்க வேண்டும். தடம் சூடானதும் வால் சுழலும் வேகம் கூடும், மூக்கு தரையை விட்டு எழாது. அப்போது நீங்கள் ஓட வேண்டும், அல்லது நாயை உட்கார வைக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் நடந்துகொண்டிருந்தால் சேவல் அறுபது மீட்டரில் எழும்.

எதைச் சுடுவது என்பதில்தான் இந்தப் பயணத்தின் பலன் இருக்கிறது. நாய் ஒழுங்காக வேலை செய்து எழுப்பிய பறவையை மட்டும் சுடுங்கள். நாய் அவசரப்பட்டு மோதிக் கிளப்பியதை, காலடியில் தானாக எழுந்ததை, தூரத்துப் பறவையை விட்டுவிடுங்கள். மோதிக் கிளப்பியதைச் சுட்டு வாயில் கொடுத்தால், மோதுவதற்கே பரிசு கொடுத்ததாகும். இப்படி விட்டுக்கொடுத்தால் 3 சேவல் கணக்கு நிறையாத நாட்களே அதிகமாக இருக்கும். அது கசக்கும் என்றால் வயது வந்த நாயோடு போவது நல்லது.

அதிர்ச்சிக் கழுத்துப்பட்டை போட்டிருந்தால், பறவை வாசனையில் நாய் இருக்கும்போது பொத்தானைத் தொடாதீர்கள். வலியைப் பறவையோடு முடிச்சுப் போட்டுக்கொண்ட நாய், பறவையைக் கண்டால் ஒதுங்கும்.

துப்பாக்கி, ரவை?

12 அல்லது 20 போர், இம்ப்ரூவ்டு சிலிண்டர் அல்லது மாடிஃபைடு சோக் (ரவை எவ்வளவு பரவும் என்பதைத் தீர்மானிக்கும் குழல்முனைக் குறுக்கம்). வாட்டர்ஃபவுல் நிலங்களில் ஈய ரவைக்கு மத்தியச் சட்டப்படி தடை. மாநிலப் பொது நிலங்கள் பலவற்றிலும் அப்படித்தான். எந்த நிலத்தில் எது என்று பாக்கெட்டில் பிரித்து வைத்துக் குழம்புவதைவிட, பயணம் முழுக்க இரும்பு ரவையே கொண்டுபோங்கள். ஈயத்தில் 5 அல்லது 6ஆம் எண் பயன்படுத்துவோர் இரும்பில் 2 அல்லது 3 எடுக்க வேண்டும். இரும்பு எடை குறைந்தது, சீக்கிரம் வேகம் இழக்கும். எனவே பெரிய ரவை; எண் குறையக் குறைய ரவை பெரிது. 35 மீட்டருக்கு மேல் சுடாதீர்கள்.

தவறுவதற்குப் பொதுக் காரணம் வால். சேவலின் நீளத்தில் பாதிக்கு மேல் வால்தான். கண் முழுப் பறவையின் நடுவை நாடும், ரவை வெறும் இறகில் போகும். கழுத்தின் வெள்ளை வளையத்தைப் பாருங்கள்.

எழும் வேகத்தில் சேவலா பெட்டையா என்று எப்படிப் பிரிப்பது?

சேவல் பெரும்பாலும் கொக்கரித்துக்கொண்டே எழும். நீண்ட வால், கருமையான தலை, வெள்ளை வளையம். பெட்டை முழுக்க வைக்கோல் நிறம். சூரியன் எதிரில் இருந்தால் எல்லாமே கறுப்பாகத் தெரியும். அக்டோபரில் தாமதமாகப் பொரித்த இளஞ்சேவல்களுக்கு வாலும் நிறமும் முழுதாக வந்திருக்காது. சந்தேகம் என்றால் சுடாதீர்கள். பறவைக்குக் கீழே வானம் தெரிகிறதா என்றும் பாருங்கள். எம்பிக் குதிக்கும் இளம் நாயின் தலை புல்லுக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கலாம்.

விழுந்த பறவை காணவில்லையே?

கண்ணை எடுக்காமல் விழுந்த இடத்துக்கே நடங்கள். இரண்டாவது பறவை எழுந்தாலும் சுட வேண்டாம். அங்கே ஆரஞ்சுத் தொப்பியைப் புல்லில் மாட்டிவிட்டு, நாயைக் காற்றுக்குக் கீழ்ப்புறத்திலிருந்து உள்ளே விடுங்கள். நீங்களே சுற்றிச்சுற்றி மிதித்தால் வாசனை கலைந்துபோகும். இறக்கை மட்டும் ஒடிந்த சேவல் நூறு மீட்டர் ஓடி, பேட்ஜர் தோண்டிய வளைக்குள்கூடப் புகுந்திருக்கும். இருபது நிமிடமாவது தேட வேண்டும். உயிரோடு கிடைத்தால் நாயிடமிருந்து உடனே வாங்கி முடித்துவிடுங்கள். காலில் கூரிய முள்ளுள்ள சேவல் முகத்தில் உதைத்துவிட்டால், இளம் நாய் அடுத்த பறவையைக் கவ்வத் தயங்கும்.

தண்ணீர், தீனி, வெயில்?

20 கிலோ நாய் வேலைநாளில் 3 லிட்டர் வரை குடிக்கும். முதுகுப்பையில் ஒன்றரை லிட்டராவது வேண்டும். 15–20 நிமிடத்துக்கு ஒரு முறை சில மடக்கு கொடுங்கள், ஒரேயடியாக அல்ல. முழுச் சாப்பாடு இரவில், ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து. காலையில் வயிறு நிறைய ஊட்டி ஓடவிட்டால், ஆழ்ந்த மார்புள்ள இனங்களில் வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நடுவில் ஒரு கைப்பிடி தீனி போதும்.

வெப்பம் 18 டிகிரியைத் தாண்டினால் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். நாக்கு நுனி அகன்று தட்டையாகத் தொங்குவது, எச்சில் கெட்டியாவது, நடை தள்ளாடுவது எல்லாம் அபாயக் குறி. ஆசனவாய் வெப்பமானியில் 41 டிகிரி என்றால் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படும்படி வைத்து, 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி, கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். பச்சைப் பாசி படிந்த குட்டையில் குடிக்கவிடாதீர்கள். நீலப்பச்சைப் பாசி நச்சு சில மணி நேரத்தில் கொல்லும்.

நாய்க்கு என்னென்ன ஆகலாம்? பையில் என்ன வேண்டும்?

அதிகம் நடப்பது முள்கம்பிக் கிழிசல், மார்பிலும் தொடையிலும். உப்புநீரால் பீய்ச்சிக் கழுவி, ஒட்டும் கட்டுத்துணியால் இரண்டு விரல் நுழையும் தளர்வோடு சுற்றி மருத்துவரிடம் போங்கள். மனிதர்களுக்கான பாராசிட்டமால், இபுபுரோஃபென் எதையும் கொடுக்காதீர்கள்.

முள்ளம்பன்றி முள் தைத்தால் நறுக்கக்கூடாது. தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, தைத்த கோட்டிலேயே நேராக இழுங்கள். வாய்க்குள்ளோ மார்பிலோ நிறைய இருந்தால் மயக்க மருந்து இல்லாமல் முடியாது.

ஸ்கங்க் (நாற்ற நீரைப் பீய்ச்சும் சிறு விலங்கு) பீய்ச்சினால்: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 1 லிட்டர், சமையல் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவம் 1–2 தேக்கரண்டி. அப்போதே கலந்து, கண்ணில் படாமல் தேய்த்து, ஐந்து நிமிடம் கழித்து அலசுங்கள். மிச்சத்தை மூடிய பாட்டிலில் வைத்தால் வெடிக்கும்.

நவம்பரில் பொறி வைப்பவர்களும் அதே பொது நிலத்தில்தான் இருப்பார்கள், சட்டப்படி. கழுத்தில் சுருக்குக் கம்பி விழுந்தால் நாயை இழுக்கவிடாமல் அணைத்துப் பிடித்து, கம்பிவெட்டியால் வெட்டுங்கள். சாதாரண குறடு முறுக்குக் கம்பியை வெட்டாது. அதற்கென்றே உள்ள கேபிள் வெட்டி வேண்டும். உடலை நசுக்கும் சதுரப் பொறிக்கு வேறு வழி: ஒரு பக்க ஸ்பிரிங்கின் இரண்டு வளையங்களிலும் நாய்க் கயிற்றைக் கோத்து, மறுபடி முதல் வளையத்தின் வழியாகவும் கோத்து, கயிற்றின் ஒரு முனையைக் காலால் மிதித்து மறு முனையை மேலே இழுங்கள். வளையங்கள் நெருங்கியதும் அதிலுள்ள கொக்கியை மாட்டுங்கள். பிறகு அடுத்த ஸ்பிரிங். நேரம் சில நிமிடங்கள்தான் இருக்கும். எனவே ஒரு பொறியை வாங்கி வீட்டில் கட்டையை வைத்துப் பழகிவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றையும்விட வஞ்சகமானது ஊசிப்புல்லின் விதைமுள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூச்சில் ஏறி, வாரங்கள் கழித்து நுரையீரலிலோ முதுகிலோ சீழ்க்கட்டியாக வெளிப்படும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கண்ணிமையைத் தூக்கி உப்புநீர் விட்டு, காது, விரலிடுக்கு, ஈறு, அக்குள் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். பயணத்துக்குப் பின் இருமலோ காய்ச்சலோ வந்தால், எந்தப் புல்லில் ஓடியது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தனியாகப் போவதில் மனிதருக்கு என்ன ஆபத்து?

கணுக்கால் பிசகல், ஐஸ், துப்பாக்கி. எந்த நிலம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு இறங்குங்கள். செயற்கைக்கோள் செய்திக்கருவி இருந்தால் நல்லது. வேலி தாண்டும்போது தோட்டாவை எடுத்து, துப்பாக்கியை மறுபுறம் படுக்கவைத்துவிட்டுத் தாண்டுங்கள். நாய் இருக்கும் வண்டியில் தோட்டா ஏற்றிய துப்பாக்கியைச் சாய்த்துவைப்பது வேண்டவே வேண்டாம். நாயின் பாதம் விசையில் பட்டு ஆளைச் சுட்ட சம்பவங்கள் உண்டு. ஆரஞ்சு உடை கட்டாயமா என்று விதியில் தேட வேண்டாம், போடுங்கள்.

டிசம்பர் பனியில் போகலாமா?

போகலாம். பனி மூடியதும் பறவைகள் சம்புக்கோரைக்குள் கூட்டமாக ஒடுங்கும். ஆனால் ஒன்று எழுந்தால் நூறும் எழுந்துவிடும். இளம் நாய்க்கு அது பாடமல்ல, திருவிழா. ஐஸ் 10 சென்டிமீட்டராவது இருந்தால்தான் மிதிக்கலாம். மஸ்க்ராட் (சதுப்பில் வாழும் பெரிய எலி போன்ற பிராணி) கூட்டைச் சுற்றி எப்போதும் மெல்லியதாக இருக்கும், அங்கே போகாதீர்கள்.

எப்போது நிறுத்துவது?

நாய் கூப்பிட்டு வராத இரண்டாவது தடவை. களைத்த இளம் நாய் காது கேளாததாகிவிடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் துரத்தல்தான்.

பறவையை எப்படி வைப்பது, கொண்டுபோவது?

வேட்டைச் சட்டையின் முதுகுப்பையில் சூடான பறவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மணிக்கணக்கில் அடுக்கினால் வயிற்றுப்பக்கம் பச்சையாகிவிடும். வெயில் நாளில் வண்டிக்கு வந்ததும் குடலை எடுத்துவிட்டு, ஐஸ் பெட்டியில் உருகும் நீர் படாமல் வையுங்கள். வண்டியில் கொண்டுபோகும்போது சேவல் என்று அடையாளம் தெரிய, தலையோ காலோ இறகோடு கூடிய இறக்கையோ ஒட்டியிருக்க வேண்டும். கால் விடுவது சுலபம். பல மோட்டல்களில் அறைக்குள் பறவை உரிக்கத் தடை. வெளியே இதற்கென்றே மேசையும் குழாயும் வைத்திருப்பார்கள், பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

நெஞ்சுக்கறி காட்டுக்கோழி போலவே கொழுப்பில்லாதது, அதிக நேரம் வேகவிட்டால் நாராகிவிடும். தொடைகளைத் தனியாக வைத்துக் குழம்புக்கு விடுங்கள். கீழ்க்காலில் எலும்பு போல விறைத்த தசைநார்கள் நிறைய உண்டு. ஊருக்கு வந்து அடையாளக் கால் தேவைப்படாதபோது, மூட்டுக்குக் கீழே தோலை மட்டும் சுற்றி அறுத்து, எலும்பை ஒடித்து, பாதத்தைத் திருகி இழுத்தால் நார்களும் கூடவே உருவி வந்துவிடும்.